பாட்னரின் ஜாக்கை வெட்டிய குற்றம்

பயிற்சி நாளன்று புதிய சிகிச்சையாளர்களான உங்கள் முன்னால் வாசிப்பதற்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் சான்றிதழ் எடுத்த கதையையும் சேர்த்தால் புதியவர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி வேறு. எழுதியவருக்கு என்னைத் தெரியாது போலிருக்கிறது. அந்தச் சான்றிதழை நான் மூன்றாவது தடவையில்தான் எடுத்தேன். முதல் இரண்டு தடவையும் தோற்றேன். நீங்கள் பட்டமும் பதிவு எண்ணுமாக வேலைக்கு வருகிறீர்கள், சந்தோஷம். உங்களுக்கு ஊக்கம் தரும் அளவுக்கு நான் எதிலும் வென்றதில்லை. ஆனால் எப்படித் தோற்பது என்று கேட்டால் கொஞ்சம் சொல்லலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் பிற்பகுதியில், கிழக்கு லண்டனில் ஒரு பகல் மருத்துவமனையில். மனநோயாளிகளும் முதியவர்களும் காலையில் மினிபஸ்ஸில் வந்து பின்னேரம் திரும்பிப் போகும் இடம். ஊரில் நான் வலைப்பந்து பழக்கிய ஆசிரியை. இங்கே என் படிப்புப் பத்திரங்களைப் பார்த்தவர்கள், காகிதம் தடிப்பாக இருக்கிறது என்று மட்டும் பாராட்டினார்கள். பொழுதுபோக்குச் சிகிச்சைப் பிரிவில் ஆள் தேவை என்றார்கள், போனேன். நம்மவர் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கும்போது யாராவது, "என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டால், "நோயாளிகளோடை விளையாடுறன்" என்பேன். "அதுக்குச் சம்பளமும் தாறாங்களோ?" என்று கேட்காத ஒரு கடைக்காரரை நான் சந்தித்ததில்லை.

அந்தக் காலத்தில் எங்களுக்குச் சான்றிதழ் கிடையாது. பந்தை எறியத் தெரிந்தால் போதும், பொறுமை இருந்தால் மிச்சம். தொண்ணூறுகள் பிறந்ததும் மேலிடத்துக்குத் திடீரென்று கவலை வந்தது. விளையாட்டைத் தகுதியில்லாதவர்கள் நடத்துகிறார்களே, நாட்டின் கதி என்னாவது? உடனே ஒரு கோப்பு வந்தது. கோப்புக்குள் பிரிவுகள், பிரிவுக்குள் உட்பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம். வருஷக் கணக்காகச் செய்துகொண்டிருக்கும் வேலையைச் செய்யத் தெரியும் என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். ஒரு மதிப்பீட்டாளர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். சரி என்றால் நீங்கள் சிகிச்சையாளர். சரியில்லை என்றால் உதவியாளர். உதவியாளர் குழுவை நடத்தக்கூடாது, நோயாளியின் பதிவேட்டில் எழுதக்கூடாது, மீளாய்வுக் கூட்டத்தில் வாய் திறக்கக்கூடாது. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்திருங்கள். மற்றவை எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை.

முதல் தடவை தோற்றது ஒரு கேள்வியில். "உங்கள் அமர்வை அவர்கள் விரும்பினார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் மதிப்பீட்டாளர். "அடுத்த நாளும் வந்தார்கள்" என்றேன். "அவர்களை மினிபஸ் கூட்டிவருகிறது" என்றார் அவர். இன்னொரு தடவை தருகிறோம், அதுவரை பழைய வேலையையே பாருங்கள் என்றார்கள்.

மூன்றாவது தடவையை இப்போதே சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் சொல்ல ஒன்றுமில்லை. எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து ஒரு மஞ்சள் பலூனைத் தட்டவைத்தேன். இரண்டு பேர் நித்திரை. அதில் ஒருவரின் மூக்கில் பலூன் பட்டதும் கண் விழித்துப் பார்த்தார். மதிப்பீட்டாளர் அதைப் "பங்கேற்பு" என்று குறித்துக்கொண்டார். நாற்பது நிமிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "அமைதியும் பரஸ்பர மரியாதையும் நிறைந்த சூழல்" என்று எழுதி எனக்குச் சான்றிதழ் தந்தார்கள். உங்களில் யாராவது அவசரமாகத் தேற வேண்டியிருந்தால் மஞ்சள் பலூனைச் சிபாரிசு செய்கிறேன்.

இனி இரண்டாவது தடவை.

எங்கள் பகல் மருத்துவமனைக்கு சவிரிமுத்து என்று ஒருவர் வந்துகொண்டிருந்தார். மன்னார்ப் பக்கத்து ஆள், எழுபது வயது தாண்டியவர். தலைமன்னார் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டனில் செவன் கிங்ஸ் பகுதியில் மகள் றெஜினாவோடு இருந்தார். மனைவி லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே போய்விட்டார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவர் பேச்சை நிறுத்திவிட்டார். பேசாவிட்டாலும் மெதுவாகச் சாப்பிடுவார், மெதுவாக நடப்பார், சொன்ன இடத்தில் உட்காருவார். ஏழு மாதமாக ஒரு சொல் இல்லை. றெஜினா ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தகப்பனைத் தனியாக விடவும் ஏலாது, வேலையை விடவும் ஏலாது.

மருத்துவர்களுக்கு இரண்டு சந்தேகம். துக்கத்தால் வந்த மனச்சோர்வா, அல்லது மூளை தேய்ந்துகொண்டு வரும் மறதி நோயா? மனச்சோர்வு என்றால் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கலாம், உதவிக்கு ஆள் அனுப்பலாம். மறதி நோய் என்றால் ஒரு பராமரிப்பு இல்லம். இடம் இருந்ததோ கடற்கரையோரத்தில், லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணித்தியாலம். அங்கே தமிழில் ஒரு சொல் கேட்க வழியில்லை, தமிழ்ப் பூசை நடக்கும் தேவாலயமும் இல்லை. றெஜினா என்னிடம் அந்த இல்லத்தின் படத்தைக் காட்டினார். "வடிவான இடம்தான் அக்கா. ஆனா அவர் அங்கை போனா அங்கேயே முடிஞ்சிடுவார்" என்றார். அழவில்லை. அழுது களைத்த முகம்.

பரிசோதனைகள் நடந்தன. இன்றைக்கு என்ன நாள், பிரதமர் யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். சவிரிமுத்து ஐயா கேட்டவரையும் பார்க்கவில்லை, கேட்ட தாளையும் பார்க்கவில்லை. பதில் இல்லை என்பதற்கு அந்தத் தாளில் ஒரு எண் உண்டு. அது பூச்சியம். பூச்சியங்களைக் கூட்டினால் மறதி நோய் வந்தது.

எனக்கு அதில் நம்பிக்கை வராததற்குக் காரணம் ஒரு சத்தம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் ஆண்களில் நாலு பேர் கடதாசி, அதாவது சீட்டு, விளையாடுவார்கள். முந்நூற்றி நாலு. தெரியாதவர்களுக்காக: இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம், முப்பத்திரண்டு கடதாசி, அதில் ராஜாவை விடவும் ஆசு என்கிற ஏஸை விடவும் ஜாக் பெரியது, அடுத்தது ஒன்பது. எதிர் எதிராக இருப்பவர்கள் பாட்னர்கள். நாலு பேரும் ஆளுக்கொன்று போட்டால் ஒரு பிடி, பெரியதைப் போட்டவர் அதை எடுப்பார். ஒருவர் இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்டு, ஒரு இனத்தைத் துரும்பாக்குவார். துரும்பு சின்னதாக இருந்தாலும் மற்ற இனத்தின் ஜாக்கையே வெட்டும். விழுந்த கடதாசியெல்லாம் ஞாபகத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பாட்னர் உங்களை மனிதப் பிறவியாக மதிக்கமாட்டார்.

ஒருநாள் அவர்களில் ஒருவர் பிழையான கடதாசியைப் போட்டார். ஜன்னலோரம் இருந்த சவிரிமுத்து ஐயாவின் வாயிலிருந்து "ச்சிக்" என்று ஒரு சத்தம் வந்தது. பல்லியாக இருக்கலாம் என்று நினைத்திருப்பேன், லண்டனில் பல்லி இருந்தால்.

அடுத்த வாரம் அந்த நாலு பேரில் எதிரெதிரே இருக்கும் இருவர் வரவில்லை. ஒரு கதிரையில் ஐயாவைக் கொண்டுபோய் இருத்தினேன். எதிர்க் கதிரையில் பாட்னராக நானே இருந்தேன். பெண்பிள்ளை கடதாசி விளையாடுவதா என்று கந்தையா அண்ணை முகத்தைச் சுளித்தார். அவர் ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை வைத்திருந்து, மனம் குழம்பி எங்களிடம் வந்தவர். என் தமையன்மாருக்கு எப்போதும் ஒரு கை குறையும், அப்படித்தான் நான் பழகினேன். மற்றவர் ராசையா அண்ணை. கை நடுங்கும், கடதாசியைப் பிடிக்க ஏலாது. துணி தேய்க்கும் பிரஷ் ஒன்றை நிமிர்த்தி வைத்து அதன் மயிருக்குள் கடதாசிகளைச் செருகிக் கொடுத்தேன். இது எந்தக் கோப்பிலும் இல்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சவிரிமுத்து ஐயா விளையாடினார். எத்தனை புள்ளி கேட்கிறார் என்பதை விரலால் காட்டினார், கேட்காவிட்டால் மேசையில் ஒரு தட்டு. நன்றாக விளையாடினார். ஆனால் பேசவில்லை. எங்கள் பிரிவின் மேலாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், நல்ல கழுத்துப்பட்டிகள் அணிபவர். "பழக்கம்தான். மறதி நோயாளி பியானோ வாசிப்பதில்லையா? கை செய்கிறது, மூளை செய்யவில்லை" என்றார். பிறகு அன்பாக, "அதோடு நீங்கள் இன்னும் தேறவில்லையே. உங்கள் அவதானிப்பைக் கூட்டத்தில் எடுக்க முடியாது" என்றார்.

இங்கேதான் நான் செய்த பெரிய பிழை. சான்றிதழ் வெறி பிடித்து, கோப்பில் சொன்னபடி அந்த மேசைக்குச் சட்டம் போட்டேன். நம்மவர்கள் முந்நூற்றி நாலு விளையாடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆட்டம் பத்து நிமிடம், ஆட்டம் முடிந்த பிறகு சண்டை இருபது நிமிடம். நீ ஏன் அதைப் போட்டாய், நான் ஏன் இதைப் போட்டேன் என்று முதல் பிடியிலிருந்து கடைசிப் பிடிவரை கிளறிக் கத்துவது. அந்தச் சண்டைக்காகத்தான் பாதிப்பேர் விளையாடவே வருகிறார்கள். நானோ சண்டையை ஒழித்தேன். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் பாட்னருக்கு "தாங்க்யூ" சொல்ல வேண்டும். கந்தையா அண்ணை ராசையா அண்ணையைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க்யூ சொல்வார். நான் அதைக் கோப்பில் "நேர்மறைத் தொடர்பாடல்" என்று எழுதினேன். வாய் திறக்கவேண்டிய ஒரு மனிதனை மேசையில் இருத்திவிட்டு, அவன் வாய் திறக்க இருந்த ஒரே சந்தர்ப்பத்தை நானே பூட்டினேன். ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேல். இப்போது நினைத்தாலும் எனக்கு என்மீது கோபம் வருகிறது.

இரண்டாவது மதிப்பீடு வந்தது. மீளாய்வுக் கூட்டத்துக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது. மதிப்பீட்டாளர் ஒரு ஆங்கிலப் பெண்மணி. மடியில் எழுதும் அட்டை, முகத்தில் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்ட புன்னகை. வேற்று மொழியில் அமர்வு நடந்தால் மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும் என்பது விதி. கவுன்சில் ஒருவரை அனுப்பியிருந்தது. நீதிமன்றங்களில் மொழிபெயர்த்துப் பழகியவர். சொன்னதில் ஒரு சொல் விடமாட்டார், சொல்லாததில் ஒரு சொல் சேர்க்கமாட்டார். வந்ததும் பேனாவைத் திறந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

சவிரிமுத்து ஐயா இரண்டு விரல் காட்டினார். இருநூறு. ஸ்பேட் இனமான இஸ்கோப்பனைத் துரும்பாக்கினார். ஆட்டம் அழகாகப் போனது. எல்லோரும் கோயில் பூசையில் இருப்பதுபோல இருந்தார்கள். எனக்கு மட்டும் காது முழுக்க மதிப்பீட்டாளரின் பேனாச் சத்தம். கடைசியில் ஆளுக்கு இரண்டு கடதாசி மிச்சம். ஐயா கிளாவர் இனத்து ஜாக்கைப் போட்டார். அந்த இனத்தில் அதைவிடப் பெரியது இல்லை, பிடி எங்களுடையது. என் கையில் ஆர்ட்டின் என்ற சிவப்பு இனத்தில் பிரயோசனமில்லாத ஒரு ஏழும், துரும்பில் ஒரு எட்டும் இருந்தன. ஏழை எறிய வேண்டும். வலைப்பந்து ஆசிரியைக்கும் தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மதிப்பீட்டாளர் அந்த நேரம் பார்த்து ஒரு தாளைப் புரட்டினார். நான் துரும்பைப் போட்டேன். என் சொந்தப் பாட்னரின் ஜாக்கை வெட்டினேன்.

பிடி எனக்கே வந்துவிட்டதால் அடுத்துப் போடவேண்டியதும் நான்தான். கையில் மிஞ்சியது ஆர்ட்டின் ஏழு. போட்டேன். கந்தையா அண்ணை ஆர்ட்டின் ஜாக்கை மேசையில் அறைந்தார். அந்தப் பிடியோடு ஐயாவின் ஒன்பதும் போய்ச் சேர்ந்தது. நாங்கள் தோற்றோம்.

நான் ஐயாவைப் பார்த்து, பயிற்சியில் சொல்லித் தந்தபடி, "தாங்க்யூ பாட்னர்" என்றேன்.

அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது.

"என்ன தாங்க்யூ? உனக்கென்ன விசரோ பிள்ளை?"

ஏழு மாதத்தில் முதல் சொல். குரல் துருப்பிடித்துக் கிடந்தது. ஆனால் ஒரு பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும் குரல்.

"என்ரை ஜாக்கை ஏன் வெட்டினனீ? ஆர் உன்னை வெட்டச் சொன்னது? இஸ்கோப்பனிலை மற்ற ஏழு கடதாசியும் விழுந்திட்டுது, எட்டு உன்னட்டைக் கிடக்குது எண்டு எனக்குத் தெரியும். அதைப் பிடிச்சு வைச்சிருந்தால் கடைசிப் பிடியும் எங்கடை. நூற்றிமுப்பது கையிலை கிடந்தது. இதிலை முப்பத்தைஞ்சு, அதிலை அம்பத்திரண்டு. இருநூற்றிப் பதினேழு வந்திருக்கும். மாட்டு மூளை!"

"ஐயா, முதல் பிடியிலை நீங்கள் போட்டதும் பிழைதானே" என்று கந்தையா அண்ணை எண்ணெய் வார்த்தார். ஐந்து கிழமையாகச் சண்டை பிடிக்காத மனுஷன், விடுவாரா?

"முதல் பிடியோ? முதல் பிடி நீ ஆசு போட்டனீ, நான் ஒன்பது, ராசையா குயின், இந்த விசரி எட்டு. இரண்டாவது பிடி..." என்று தொடங்கி, எட்டுப் பிடியிலும் யார் எதைப் போட்டார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். மூன்றாவது பிடியில் கந்தையா அண்ணை மறுத்தார். "திருப்பிப் பார்" என்றார் ஐயா. எடுத்து வைத்த கடதாசிக் கட்டுகளைத் திருப்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னபடியே இருந்தன. ஒவ்வொரு பிடியும் இருந்தது. ராசையா அண்ணை சிரித்த சிரிப்பில் பிரஷ் கீழே விழுந்தது.

நான் என்ன செய்தேன்? கை தட்டினேன். அழுதுகொண்டே கை தட்டினேன்.

மொழிபெயர்ப்பாளர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதியதைப் பிறகு வாசித்தேன். "பெண்மணி மனநோயாளியா என்று அந்தக் கனவான் வினவுகிறார்." "பெண்மணியின் மூளை ஒரு பசுவினுடையது என்று கூறுகிறார்." அதன் கீழே எட்டுப் பிடியும், முப்பத்திரண்டு கடதாசியும், ஒன்று விடாமல். அதற்கும் கீழே: "கடதாசிகள் திருப்பிப் பார்க்கப்பட்டன. கூற்று சரியென்று காணப்பட்டது." நான் வாழ்க்கையில் வாசித்த மிகச் சிறந்த எழுத்துகளில் அது ஒன்று.

மதிப்பீட்டாளரின் அறிக்கை அடுத்த நாள் வந்தது. தேறவில்லை. "பங்கேற்பாளர் ஒருவர் தொடர்ந்து பல நிமிடங்கள் வாய்மொழி வன்முறையில் ஈடுபட்டார். மோதலைத் தணிக்க விண்ணப்பதாரி எந்த முயற்சியும் எடுக்கவில்லை. மாறாகக் கை தட்டினார்." மொழிபெயர்ப்பு பின்னிணைப்பாக வந்திருந்தது. ஐயா இதற்கிடையில் மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டார். காலை வணக்கத்துக்கும் பதில் இல்லை. மருத்துவர் வந்து பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அவர் பேசினார் என்பதற்கு, கூட்டத்தில் எடுபடக்கூடிய ஒரே சாட்சி, நான் தோற்ற அறிக்கைதான்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். உண்மையாகவே எனக்காக வருந்தினார். "மேல்முறையீடு செய்யுங்கள். நோயாளி குழம்பிவிட்டார், அமர்வு வழமையானது அல்ல என்று எழுதினால் அறிக்கையை ரத்துச் செய்துவிடுவார்கள். ஆறு கிழமையில் வேறொரு மதிப்பீடு. இல்லாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து நீங்கள் உதவியாளர்" என்றார். அறிக்கையின் அடியில் இரண்டு கட்டம். "ஏற்கிறேன்", "ஏற்கவில்லை". பின்னேரம் ஐந்து மணிக்குள் ஒன்றில் கையெழுத்து.

பாருங்கள், என்ன பேச்சு! ஏற்கவில்லை என்றால் அறிக்கை ரத்து. அறிக்கை ரத்தானால் எட்டுப் பிடியும் ரத்து. நான் சிகிச்சையாளராக இருப்பதற்கு, சவிரிமுத்து ஐயா குழம்பிப்போன மனிதர் என்று என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான் உடனே வீரம் பேசினேன் என்று நினைக்காதீர்கள். கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அரைமணி நேரம் இருந்தேன். ஊரில் மைதானம் நிறையப் பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்தியவள். இங்கே வந்து தேத்தண்ணி ஊற்றுவதிலிருந்து மேலே வர எத்தனை வருஷம் எடுத்தது. அதை விட எனக்கு மனமில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த அரைமணியில் இருபது நிமிடம் நான் மேல்முறையீட்டைத்தான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல ஆங்கிலத்தில்.

வெளியே வந்து றெஜினாவின் வேலைத்தலத்துக்குப் போன் எடுத்தேன். இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்த வேண்டியிருந்தது.

"றெஜினா, அப்பா கதைச்சவர்!"

"என்ன அக்கா? கேக்கேல்லை!"

"அப்பா கதைச்சவர். நேற்று."

அவர் எங்கோ ஒரு கதவைச் சாத்த, இயந்திரச் சத்தம் குறைந்தது. பிறகு, "என்ன சொன்னவர்?"

"எனக்கு விசரோ எண்டு கேட்டவர். மாட்டு மூளை எண்டவர்."

"ஐயோ, அது அம்மாவைப் பேசுறது" என்றார் றெஜினா. "அம்மாவும் அவரும்தான் பாட்னர். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிஞ்சு வந்து இருப்பினம். அம்மா பிழையாப் போட்டா இப்பிடித்தான் கத்துவார்." இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதோம்.

போனை வைத்துவிட்டுப் போய் "ஏற்கிறேன்" என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் என்னைப் பார்த்த பார்வையில், மொழிபெயர்ப்பாளர் எழுதிய முதல் வரி அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மீளாய்வுக் கூட்டத்தன்று நான் இன்னும் உதவியாளர் ஆகவில்லை. ஆனால் ஆகப்போகிறவள் என்பதால் கூட்டத்தில் எனக்கு இடமில்லை. நோயாளியைக் கூட்டிவந்து கதிரையில் இருத்திவிட்டு வெளியே போகலாம். மேசையைச் சுற்றி மனநல மருத்துவர், சமூகசேவை அலுவலர், எங்கள் மேலாளர், றெஜினா. கடற்கரை இல்லத்தின் படிவம் நிரப்பப்பட்டு மேசையில் இருந்தது. கையெழுத்துத்தான் மிச்சம். நான் ஐயாவை இருத்திவிட்டு, அறிக்கையை மருத்துவர் முன்னால் வைத்தேன்.

"இது என்ன?" என்றார் மருத்துவர்.

"என்னுடைய தோல்வி" என்றேன். "அதிகாரபூர்வமானது. நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்."

மேலாளர் இருமினார். மருத்துவர் வாசிக்கத் தொடங்கினார். முதலில் மனதுக்குள், பிறகு சத்தமாக. பசுவின் மூளையில் சமூகசேவை அலுவலருக்குச் சிரிப்பு வந்து, தண்ணீர் குடிப்பதுபோல் மறைத்தார். மூன்றாவது பிடிக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. எட்டாவது பிடி முடிந்ததும் மருத்துவர் கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கதிரையை ஐயாவின் பக்கம் திருப்பினார்.

"மிஸ்டர் சவிரிமுத்து, இதில் எழுதியிருப்பது சரிதானா?"

நான் கதவருகில் நின்றேன். ஐயா அசையவில்லை. றெஜினாவின் கை படிவத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. மருத்துவர் காத்திருந்தார். அவர் அப்படிக் காத்திருந்ததற்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். எங்கள் தொழிலில் மற்றவர்களைப் பேசவிட்டுக் காத்திருப்பவர்கள் குறைவு.

ஐயா தொண்டையைச் செருமினார். ரயில் கார்டின் ஆங்கிலம், நிறுத்தி நிதானமாக வந்தது.

"டொக்டர், அந்த இன்ஸ்பெக்டர் அம்மா எழுதியது எல்லாம் சரி. ஒரு திருத்தமும் இல்லை." என் பக்கம் விரலை நீட்டினார். "இந்தப் பெண்ணுக்குத் தகுதி போதாது. தயவுசெய்து பாஸ் போடாதீர்கள்."

மருத்துவர் படிவத்தை எடுத்து, கையெழுத்துப் போடாமலே இரண்டாக மடித்துத் தன் கோப்புக்குள் வைத்தார். றெஜினா தகப்பனின் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டு அவரைச் செவன் கிங்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்லோரும் போன பிறகு நான் கதிரைகளை அடுக்கி வைத்தேன். உதவியாளருக்கு அதற்கு அனுமதி இருந்தது.